கன்டீனுக்கு ஸ்வைப் அட்டை டோக்கன் இயந்திரம்: கட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் தொழிற்சாலை, அலுவலக, விடுதிக் கன்டீன்களில் காகிதச் சாப்பாட்டு டோக்கனை நிறுத்திவிட்டு ஸ்வைப் அட்டை வைக்க விரும்புகிறவர்களுக்காகவும், இதையே இறுதியாண்டுச் செயற்றிட்டமாக எடுத்திருக்கும் மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வேலையைச் சொல்வது சுலபம். ஊழியர் அட்டையை இழுப்பார். அவருக்கு இன்றைய சாப்பாடு மிச்சம் இருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். இருந்தால் ஒன்றைக் கழித்துக்கொண்டு சீட்டு அடித்துக் கொடுக்கும். அவர் அந்தச் சீட்டைக் கவுண்டரில் கொடுத்துச் சாப்பாடு எடுப்பார்.

கட்டும்போது இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு டோக்கனுக்கு இரண்டு சாப்பாடு போகக் கூடாது. சாப்பிடாத ஒருவரிடம் "நீங்கள் சாப்பிட்டாகிவிட்டது" என்று இயந்திரம் சொல்லவும் கூடாது. முதலாவது தவறினால் நிர்வாகத்துக்கு நட்டம். இரண்டாவது தவறினால், காலையிலிருந்து நின்று வேலை செய்த ஒருவர் வரிசையில் எல்லாருக்கும் முன்னால் பொய்யராகிறார். எனக்கு இரண்டாவதுதான் பெரிது. கீழே உள்ள பதில்களில் பலவும் அதை வைத்தே எழுதப்பட்டவை.

மீதி டோக்கன் எத்தனை என்பதை அட்டையிலேயே எழுதி வைக்கலாமா?

வேண்டாம். அட்டையில் ஓர் இலக்கம் மட்டும் இருக்கட்டும். கணக்கு இயந்திரத்தின் பேரேட்டில் இருக்கட்டும். ஒழுங்கையில் உள்ள கடையில் கடன் கொப்பி கடைக்காரரிடம்தானே இருக்கும், வாங்குபவர் பெயரை மட்டும் சொல்வார். அதே முறைதான் இதுவும்.

அட்டையின் முதுகில் உள்ள காந்தப் பட்டையில் எழுதும் கருவியை யாரும் வாங்கலாம். மீதி பட்டையில் இருந்தால், திங்கட்கிழமை காலையில் அட்டையைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மாலையில் அதைத் திரும்ப எழுதினால் போதும், வாரம் முழுவதற்குமான டோக்கன் மறுபடி வந்துவிடும். இதைக் குறியாக்கம் செய்தும் தடுக்க முடியாது. பழைய தரவு அப்படியே திரும்ப எழுதப்படுவதால் அதன் பூட்டும் சரியாகவே திறக்கும்.

2022இல் எரிபொருளுக்கு வந்த கியூஆர் முறையை எல்லாரும் பாவித்திருக்கிறோம். அந்தப் படத்தைக் கைபேசியில் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள், கடதாசியில் அச்சடித்து வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். எத்தனை பிரதி எடுத்தாலும் வாராந்த ஒதுக்கீடு கூடவில்லை. காரணம், எத்தனை லீட்டர் மிச்சம் என்பது அந்தப் படத்தில் இருக்கவில்லை, சேர்வரில் இருந்தது.

அப்படியானால் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே எழுதிவிடலாமே? ஆளுக்கு ஒன்று, மாறவும் மாறாது.

மாறாது என்பதுதான் சிக்கல். அட்டை தொலைந்தால் இலக்கத்தை மாற்ற வழியில்லை. அதோடு நம் அடையாள அட்டை இலக்கத்துக்குள் பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். கன்டீன் அட்டையைக் கண்டெடுக்கும் ஒருவருக்கு இத்தனையும் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. போதாததற்கு, பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் ஓர் ஆங்கில எழுத்துமாக இருக்கும். காந்தப் பட்டையில் நாம் பாவிக்கப்போகும் இரண்டாம் தடத்தில் எழுத்தே எழுத முடியாது.

பத்து இலக்க எண் ஒன்றை ஒழுங்கின்றித் தெரிவுசெய்து கொடுங்கள். 0001, 0002 என்று வரிசையாகக் கொடுத்தால், தன் அட்டையைப் பார்த்தே பக்கத்து மேசைக்காரரின் இலக்கத்தைச் சொல்லிவிடலாம். யாருடைய எண் எது என்ற பட்டியல் நிர்வாகத்தின் கணினியில் மட்டும் இருக்க வேண்டும்.

காந்தப் பட்டை பழசாகிவிட்டதே. ஆர்எஃப்ஐடி போடக் கூடாதா?

போடலாம். இழுக்காமல் ரேடியோ அலையால் படிக்கும் அட்டை அது. தேய்மானம் குறைவு, ஈரக் கையாலும் காட்டலாம், ரீடரின் வாய்க்குள் தூசு போகாது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் பாதுகாப்பு தானாகவே கூடிவிடும் என்று நினைக்க வேண்டாம். 125 கிலோஹேர்ட்ஸ் மலிவு அட்டைகள் தம் இலக்கத்தைக் கேட்பவருக்கெல்லாம் சொல்லும், அதே இலக்கத்தை எழுதிக்கொள்ளும் வெற்று அட்டைகளும் விற்பனைக்கு உள்ளன. 13.56 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் மைஃபேர் கிளாசிக் அட்டையின் கிரிப்டோ-1 பூட்டு 2008இலேயே உடைந்துவிட்டது. நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள ராட்பவுட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அதைப் பகிரங்கமாகவே காட்டினார்கள். ஆகவே எந்த அட்டையானாலும் மேலே சொன்ன விதி மாறாது: அட்டையில் இலக்கம், கணக்கு பேரேட்டில்.

ஊழியர் எல்லாரிடமும் ஏற்கனவே காந்தப் பட்டை அட்டை இருக்கிறது, புதிது அடிக்கக் காசில்லை என்றால் அதையே பாவியுங்கள். சாப்பாட்டு டோக்கனுக்கு அது போதும். புதிதாக அடிப்பதானால் 2750 ஓர்ஸ்டெட் பட்டை கேளுங்கள். வேறு காந்தம் பட்டு அழியாமல் பட்டை எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு அது. 300 ஓர்ஸ்டெட் பட்டை, கைப்பையின் காந்தப் பொத்தானில் பட்டாலே அழியக்கூடியது.

எந்த மைக்ரோகன்ட்ரோலர் நல்லது?

மைக்ரோகன்ட்ரோலர் என்பது இயந்திரத்தின் மூளையான ஒற்றைச் சில்லுக் கணினி. ஒரு கவுண்டர், சில நூறு பேர், சின்னத் திரை என்றால் ஏடிமெகா 328பி தாங்கும். நிரலுக்கு 32 கிலோபைட் ஃபிளாஷ், ஓடும்போது பாவிக்க 2 கிலோபைட் ராம், கரண்ட் போனாலும் அழியாமல் வைக்க 1 கிலோபைட் ஈஈப்ரொம். இதில் முதலில் தீர்ந்துபோவது ராம். 128க்கு 64 புள்ளித் திரைக்கு 1 கிலோபைட் போகும், எஸ்டி அட்டை நூலகத்துக்கு 512 பைட் போகும். மிச்சத்தில்தான் உங்கள் நிரல் முழுவதும் ஓட வேண்டும். இப்படி நெருக்கமாக வைத்தால் காரணம் தெரியாமல் இடையிடையே நின்றுபோகும், பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பதும் கடினம். திரையும் எஸ்டி அட்டையும் இரண்டும் வேண்டுமானால் ஈஎஸ்பி 32 எடுங்கள். ராம் 520 கிலோபைட், வைஃபையும் கூடவே வருகிறது.

ஈஎஸ்பி 32 எடுப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். அதன் கால்கள் 3.3 வோல்டுக்கானவை, ரீடர் 5 வோல்ட் கொடுத்தால் நடுவில் மின்னழுத்த மட்டம் மாற்றி வேண்டும். அடுத்தது, ஃபிளாஷில் எழுதும் நேரத்தில் ஃபிளாஷில் உள்ள நிரல் ஓடாது. அட்டையின் பிட்டுகளைப் பிடிக்கும் இன்டரப்ட் பகுதியை (சமிக்ஞை வந்ததும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு ஓடும் நிரல் துண்டை) ராமில் வைக்காவிட்டால் அந்தக் கணத்தில் இழுத்த அட்டை படிபடாது.

கடையில் வாங்கிய ரீடர் யுஎஸ்பி வயரோடு வருகிறது. அதை எப்படி இணைப்பது?

அது கணினிக்கு விசைப்பலகை போல நடிக்கும் வகை. ஏடிமெகாவுக்கு நேரே இணைக்க முடியாது. வாங்கும்போதே டிடிஎல் வெளியீடு, அதாவது பிட்டுகளை நேரே மின்னழுத்தமாக வயரில் தரும் வெளியீடு, உள்ள ரீடர் என்று கேட்டு வாங்குங்கள். மின்சாரத்துக்கு இரண்டு வயரும் சமிக்ஞைக்கு மூன்று வயரும் வரும்: அட்டை உள்ளே இருக்கிறது என்பதற்கு ஒன்று, கடிகாரத் துடிப்புக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று. யுஎஸ்பி ரீடரை வாங்கியாகிவிட்டது என்றால் யுஎஸ்பி ஹோஸ்ட் வசதி உள்ள ஈஎஸ்பி 32-எஸ்3 போன்ற ஒன்றுக்குப் போக வேண்டும். முதலில் வந்த ஈஎஸ்பி 32இல் அந்த வசதி இல்லை.

அந்த மூன்று வயரிலிருந்து இலக்கம் எப்படி வருகிறது?

இதை விளங்கிக்கொள்ளாமல் நூலகத்தை மட்டும் நம்பினால், "சில அட்டை படிக்குது, சில அட்டை படிக்குதில்லை" என்ற நிலைக்கு வந்து நிற்க வேண்டியிருக்கும். ஆகவே ஒருமுறை கையாலேயே போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் தடத்தில் ஓர் அங்குலத்துக்கு 75 பிட். மொத்தம் 40 குறிகள் வரை கொள்ளும். ஒவ்வொரு குறியும் ஐந்து பிட்: நான்கு பிட்டில் எண், ஐந்தாவது சரிபார்ப்புக்கு. எண்ணின் சின்னப் பிட் முதலில் வரும். ஐந்திலும் சேர்த்து ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். 5 என்ற எண்ணை எடுங்கள். இரும முறையில் 0101. சின்னப் பிட்டிலிருந்து எழுதினால் 1010. ஒன்றுகள் இரண்டு இருப்பதால் சரிபார்ப்புப் பிட் 1 ஆகிறது. பட்டையில் 10101 என்று வரும்.

தடத்தின் தொடக்கத்தில் வெறும் பூச்சியங்கள் ஓடும், ரீடர் வேகத்தைப் பிடித்துக்கொள்வதற்காக. அதன்பின் தொடக்கக் குறி 11010. பிறகு உங்கள் இலக்கம். அதன்பின் முடிவுக் குறி 11111. கடைசியில் நீளவாட்டுச் சரிபார்ப்புக் குறி ஒன்று. தொடக்கக் குறியிலிருந்து முடிவுக் குறி வரை, முதல் நான்கு பிட் இடங்கள் ஒவ்வொன்றிலும் உள்ள ஒன்றுகளை இந்தக் குறியோடு சேர்த்து எண்ணினால் இரட்டைப்படை வர வேண்டும். இதன் ஐந்தாவது பிட், மற்றக் குறிகளைப் போலவே, இந்தக் குறிக்கு மட்டுமான சரிபார்ப்பு. குறிக்குள் ஒரு பிட் பிழைத்தால் ஐந்தாவது பிட் காட்டிக்கொடுக்கும். இரண்டு பிட் பிழைத்தால் அது தப்பிவிடும், அப்போது கடைசிக் குறிதான் பிடிக்கும். இரண்டையும் சரிபாருங்கள். ஒன்றை விட்டால், ஒருவரின் அட்டை இன்னொருவரின் இலக்கமாகப் படிபட இடமுண்டு. அதனால் சாப்பாட்டை இழப்பவர் அந்த நேரத்தில் வரிசையிலேயே இருக்க மாட்டார்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் வெடுக்கென்று இழுத்தாலும் ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 340 மைக்ரோசெக்கன் கிடைக்கும். 16 மெகாஹேர்ட்ஸில் அது ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கடிகாரச் சுற்று. கடிகார வயரை இன்டரப்ட் காலில் போட்டு, ஒவ்வொரு இறக்கத்திலும் தரவு வயரைப் படித்து வரிசையில் தள்ளிக்கொண்டே போங்கள். அட்டை வெளியே போன பிறகு ஆறுதலாகப் பிரித்தெடுக்கலாம். பெரும்பாலான ரீடர்களில் தரவு வயர் தலைகீழ், தாழ்ந்த மட்டம்தான் 1. பூச்சியமெல்லாம் ஒன்றாக வருகிறதென்றால் முதலில் இதைப் பாருங்கள்.

சிலர் அட்டையை எதிர்த்திசையில் இழுக்கிறார்கள். பிழை காட்டலாமா?

பிழை காட்டத் தேவையில்லை. சேர்த்த பிட் வரிசையைக் கடைசியிலிருந்து தொடக்கத்துக்குப் படித்துப் பாருங்கள், இலக்கம் அப்படியே வரும். நாலு வரி நிரலால் ஒருவரை மறுபடி இழுக்க வைக்காமல் தவிர்க்கலாம். பட்டை ரீடரின் தலைப் பக்கம் படாமல் இழுத்தால் மட்டும் ஒன்றும் வராது. அதற்கு ரீடர் பெட்டியில் தெளிவாக ஒரு படம் ஒட்டுங்கள்.

சீட்டு அடிக்கும் நேரத்தில் கரண்ட் போனால்?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த ஊர் இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதில் நாடு முழுவதும் இருண்டது. கரண்ட் போகும் என்பதை வழமையான நிகழ்வாகவே எடுத்து வடிவமைக்க வேண்டும்.

முதலில் எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்று கணக்குப் பாருங்கள். சுற்று 100 மில்லியம்பியர் இழுக்கிறது, 5 வோல்ட் பக்கத்தில் 4700 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னழுத்தம் குறைந்தால் ஏடிமெகாவை நிறுத்தும் காவல் ஒன்றைக் கீழே சொல்கிறேன்; 4.3 வோல்டுக்கு வைத்தாலும் அது சில சில்லுகளில் 4.5 வோல்டிலேயே நிறுத்திவிடலாம். 5இலிருந்து 4.5க்கு இறங்க எடுக்கும் நேரம் ஏறத்தாழ 23 மில்லிசெக்கன். உள்ளே இருக்கும் ஈஈப்ரொமில் ஒரு பைட் எழுதவே 3.4 மில்லிசெக்கன் வரை ஆகும், 16 பைட் பதிவுக்கு 54 மில்லிசெக்கன். பாதிப் பதிவில் இயந்திரம் செத்துவிடும்.

அதே கப்பாசிட்டரை, 5 வோல்டாகக் குறைத்துத் தரும் ரெகுலேட்டருக்கு முன்னால், 12 வோல்ட் பக்கத்தில் போடுங்கள். 7805 ரெகுலேட்டர் 7 வோல்ட் வரை ஒழுங்காக வேலை செய்யும். 12இலிருந்து 7க்கு இறங்க ஏறத்தாழ 235 மில்லிசெக்கன், பத்து மடங்கு. ஒரு டயோடைப் போட்டு, அச்சுக்கருவி அந்தக் கப்பாசிட்டரிலிருந்து இழுக்காதபடி பிரித்துவிடுங்கள். சுடுதாள் அச்சுக்கருவி அடிக்கும் கணத்தில் ஒன்றரை, இரண்டு அம்பியர் கேட்கும், நீங்கள் சேர்த்து வைத்த முழுவதையும் ஒரு மூச்சில் குடித்துவிடும்.

அடுத்து, ஈஈப்ரொமை விட்டுவிட்டு, அதேபோல் கரண்ட் போனாலும் அழியாத எஃப்ராம் நினைவகச் சில்லுக்குப் போங்கள். எம்பி85ஆர்சி256வி என்ற சில்லு 32 கிலோபைட் கொள்ளும், எழுதக் காத்திருக்கத் தேவையில்லை. 400 கிலோஹேர்ட்ஸ் ஐ2சி வயரில் 16 பைட் பதிவு அரை மில்லிசெக்கனுக்குள் முடிந்துவிடும். ஆயுளும் வேறு தரம். ஏடிமெகாவின் ஈஈப்ரொம் ஓர் இடத்தில் 1,00,000 தடவை எழுதத்தான் உத்தரவாதம். நாளுக்கு ஆயிரம் சீட்டு அடிக்கும் இயந்திரத்தில் வரிசை இலக்கத்தை ஒரே இடத்தில் எழுதினால் நூறு நாளில் அந்த எல்லை வந்துவிடும். எஃப்ராமுக்குச் சொல்லப்படும் எல்லை ஓர் இலட்சம் கோடி தடவை.

இவ்வளவும் வன்பொருள். இனி எழுதும் ஒழுங்கு. அட்டை சரி என்று தெரிந்ததும் முதலில் பேரேட்டில் "ஒதுக்கப்பட்டது" என்று ஒரு பதிவு: நேரம், அட்டை இலக்கம், சீட்டின் வரிசை இலக்கம், சரிபார்ப்புத் தொகை, கடைசியாக நிலை பைட். நிலை பைட் கடைசியில் எழுதப்படுவதால் அது இருந்தால் பதிவு முழுமை, இல்லாவிட்டால் அப்படியொரு பதிவே இல்லை. பிறகு சீட்டை அடிக்க வேண்டும். அடித்து முடிந்ததும் நிலை பைட்டை "முடிந்தது" என்று மாற்ற வேண்டும்.

கரண்ட் வந்து இயந்திரம் எழும்பும்போது "ஒதுக்கப்பட்டது" என்ற நிலையில் ஒரு பதிவு நின்றால், சீட்டு கைக்குப் போனதா இல்லையா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. எந்தக் கெட்டித்தனமான நிரலுக்கும் தெரியாது. பலர் இந்த இடத்தில் "போயிருக்கும்" என்று எடுத்துக்கொண்டு கதவை மூடிவிடுகிறார்கள். அது அநியாயம். அந்த ஊழியர் மறுபடி அட்டையை இழுத்தால் சீட்டைக் கொடுங்கள், ஆனால் அதே வரிசை இலக்கத்தோடு, மேலே "மறுபிரதி" என்று அடித்து. கவுண்டரில் இருப்பவர் வாங்கிய சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைக்கிறார். இலக்கம் 0417 ஏற்கனவே அங்கே இருந்தால் சாப்பாடு போய்விட்டது, இல்லாவிட்டால் போடலாம். இரண்டு சீட்டு வெளியே போனாலும் ஒரு சாப்பாடுதான் போகும், யாரும் வெறுங்கையோடு திரும்பவும் மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. ஏடிமெகாவின் தாழ் மின்னழுத்தக் காவலை 4.3 வோல்டில் வையுங்கள். அது சில்லின் அடிப்படை அமைப்பை வைக்கும் ஃபியூஸ் பிட்டில் இருக்கிறது, நிரலில் அல்ல. அதை வைக்காவிட்டால் மின்னழுத்தம் தள்ளாடும் நேரத்தில் சில்லு தாறுமாறாக ஓடி நினைவகத்தில் கண்டபடி எழுதலாம்.

எஃப்ராமின் 32 கிலோபைட் போதுமா?

500 பேர் என்று வைத்தால், ஆளுக்கு 8 பைட் வீதம் ஊழியர் பட்டியலுக்கு 4,000 பைட். ஆளுக்கு இரண்டு வேளை, பதிவுக்கு 16 பைட், ஒரு நாளைக்கு 16,000. ஒரு நாள் பதிவு வசதியாகக் கொள்ளும். இரவில் அதை எஸ்டி அட்டைக்கோ கணினிக்கோ மாற்றிவிட்டு இடத்தைத் திரும்பப் பாவிக்கலாம். எஸ்டி அட்டையையே நேரடிப் பேரேடாக வைக்க வேண்டாம். எழுதும் நடுவில் கரண்ட் போனால் கோப்பு அட்டவணையே குழம்பிப்போகும்.

அவசரத்தில் ஒருவர் இரண்டு தடவை இழுத்துவிட்டால்?

இரண்டாவது தடவை திரையில் "சீட்டு வழங்கப்பட்டது, 12.14" என்று நேரத்தோடு காட்டுங்கள். வெறுமனே "மறுக்கப்பட்டது" என்று சிவப்பில் காட்டி ஒலியெழுப்ப வேண்டாம். எப்போது கொடுத்தேன் என்று இயந்திரம் சொன்னால் பாதி வாக்குவாதம் அங்கேயே முடியும். அந்த நேரத்தில் தான் இழுக்கவில்லை என்று அவர் சொன்னால், யாரோ அட்டையைப் பாவித்திருக்கிறார் என்று தேடவும் அதுவே தொடக்கம்.

இரண்டு கவுண்டர் இருக்கிறது. ஒரே அட்டையை இரண்டிலும் இழுத்தால்?

பேரேடு ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே கட்டடம் என்றால் ஆர்எஸ்-485 முறுக்கு வயர் எனக்குப் பிடித்தது. 1,200 மீற்றர் வரை போகும், இரு நுனியிலும் 120 ஓம் தடையி போட்டால் போதும், ரவுட்டர் கடவுச்சொல்லை யாராவது மாற்றினாலும் சாப்பாடு நிற்காது. வயர் இழுக்க முடியாத இடத்தில் ஊழியர்களைப் பிரித்துவிடுங்கள், இன்னார் இந்தக் கவுண்டர் என்று. இரண்டு இயந்திரமும் தனித்தனியே கணக்கு வைத்து மாலையில் ஒப்பிடுவது என்ற யோசனை அடிக்கடி வரும். மாலையில் தெரிந்து பயனில்லை, சோறு போய்விட்டிருக்கும்.

நேரத்தை எப்படி வைத்திருப்பது?

டிஎஸ்3231 சில்லும் ஒரு சிஆர்2032 மின்கலமும். வெப்பத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும், ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவில்தான் விலகும். மலிவான டிஎஸ்1307 நம் வெக்கையில் சரியான நேரத்திலிருந்து விலகிவிடும்.

சில்லைவிட முக்கியம், "நாள்" எப்போது மாறுகிறது என்ற கேள்வி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வேலை செய்பவருக்கு நள்ளிரவில் நாளை மாற்றினால் ஒரே வேலை நேரத்துக்குள் இரண்டு நாள் வந்துவிடும். நாள் மாறும் நேரத்தை விடியற்காலையில் யாரும் சாப்பிடாத ஒரு நேரத்துக்கு வையுங்கள். போயா தினங்களையும் விடுமுறைகளையும் நிரலுக்குள் எழுதிவிடாமல் மாற்றக்கூடிய பட்டியலாக வையுங்கள். நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஊழியர்களின் மதிய டோக்கன் நோன்பு திறக்கும் நேரத்துக்கு நகர வேண்டும். இதைக் கடைசியில் ஒட்டுப்போடாமல், ஆளுக்கு ஆள் வேளை நேரத்தை மாற்றும் வசதியைத் தொடக்கத்திலேயே பட்டியலில் வைத்துவிடுங்கள்.

மரக்கறியா, மீனா, கோழியா என்று எங்கே தெரிவது?

மூன்று பொத்தான். அட்டையை இழுத்த பிறகு ஐந்து செக்கனுக்குள் அமுக்காவிட்டால் அவரின் வழமையான தெரிவு. வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறி என்பவர்கள் நம்மில் நிறையப் பேர், அதையும் பட்டியலில் ஒரு பிட்டாக வைக்கலாம். சமையல்காரருக்கு இதனால் வேறு நன்மையும் உண்டு. காலை 9 மணிக்குள் முன்தெரிவு கேட்டால் எத்தனை மீன் வேண்டும் என்று முன்பே தெரியும், வீணாகக் கொட்டுவது குறையும்.

திரையில் தமிழ் வருமா?

வர வேண்டும். கொழும்பில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் மூன்றும் வர வேண்டும். 16 எழுத்து இரண்டு வரி எல்சிடியில் நாமாகச் செய்துகொள்ள எட்டுக் குறிக்குத்தான் இடம், ஒவ்வொன்றும் 5க்கு 8 புள்ளி. அதில் "கொ" என்று எழுதவே முன்னும் பின்னும் வேறு குறி வேண்டும். ஆகவே அதை விட்டுவிட்டு 128க்கு 64 புள்ளித் திரை எடுங்கள். எழுத்துருவை இயந்திரத்துக்குள் ஏற்றிச் சேர்த்தெழுத வைப்பதும் வேண்டாம். காட்ட வேண்டிய வாசகங்கள் பத்துத்தானே. கணினியில் வடிவாக எழுதிப் படமாக மாற்றி அந்தப் படத்தையே வையுங்கள். 128க்கு 32 புள்ளிப் படம் 512 பைட். பத்து வாசகம், மூன்று மொழி, 15 கிலோபைட். ஏடிமெகாவின் ஃபிளாஷில் பாதிக்குள் அடங்கும். ஊழியரின் மொழி பேரேட்டில் இருந்தால் அட்டை இழுத்ததும் அவரவர் மொழியில் வரும். தன் மொழியில் பதில் வருவது சின்ன விஷயமல்ல.

அட்டை தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

புது இலக்கம் கொடுத்துப் பழையதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மீதி பேரேட்டில் இருப்பதால் ஒன்றும் இழப்பில்லை. புது அட்டை வரும் வரை மேற்பார்வையாளர் தன் அட்டையை இழுத்து, ஊழியர் எண்ணை விசையில் தட்டிச் சீட்டு எடுக்கும் வழி ஒன்று வைக்க வேண்டும். அந்தச் சீட்டிலும் பதிவிலும் மேற்பார்வையாளரின் எண்ணும் சேர்ந்து வரட்டும்.

இணைய இணைப்பு வேண்டுமா?

வேண்டாம். இருந்தால் அறிக்கை அனுப்பலாம். அது இல்லாமல் சாப்பாடு நிற்கக் கூடாது.

பாகங்கள் எங்கே கிடைக்கும்?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பெரும்பாலானவை கிடைக்கும். சில்லு, கப்பாசிட்டர், திரை, பெட்டி எல்லாம் நேரில் பார்த்து வாங்குங்கள். எஃப்ராமும் டிடிஎல் ரீடரும் எல்லாக் கடையிலும் இருக்காது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தால் அதற்கான வாரங்களையும் திட்டத்தில் சேருங்கள். ரீடர் எடுத்தால் ஒன்று கூடுதலாக எடுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்காற்று செம்பையும் இரும்பையும் விட்டுவைக்காது. பலகைக்கு மேல் காப்புப் பூச்சு அடியுங்கள், ரீடர் தலையை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் மாதமொருமுறை துடையுங்கள். எண்ணெய்க் கையோடு வருகிற அட்டைகள் அவை.

சட்டப்படி ஏதும் பார்க்க வேண்டுமா?

யார், எப்போது, என்ன சாப்பிட்டார் என்பது ஆளைப் பற்றிய தரவு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிர்வாகத்துக்கு நினைவூட்டுங்கள். மாதக் கணக்கு முடிந்ததும் ஆள்வாரியான பதிவை அழித்து எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இந்தப் பதிவை வைத்து யார் பிந்தி வந்தார், யார் நீண்ட நேரம் கன்டீனில் இருந்தார் என்று பார்க்க நிர்வாகம் கேட்டால் மறுத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கென்று கொடுத்த அட்டை அது.

அட்டையில் ரூபாவை ஏற்றி வெளிக்கடையிலும் பாவிக்கலாம் என்று திட்டம் விரிந்தால் அது டோக்கன் அல்ல, கட்டண முறை. அங்கே மத்திய வங்கியின் விதிகள் வருகின்றன. அந்தப் பக்கம் போகுமுன் சட்டம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

எப்படிச் சோதிப்பது?

பிளக்கைப் பிடுங்கி. கையால் பிடுங்குவது போதாது, ஏனென்றால் கை எப்போதும் ஏறத்தாழ ஒரே கணத்தில்தான் பிடுங்கும். இன்னொரு மைக்ரோகன்ட்ரோலரும் ஒரு ரிலேயும் எடுங்கள். முதல் இயந்திரத்துக்கு அட்டைப் பிட்டுகளைப் பொய்யாக அனுப்பிவிட்டு, 1 மில்லிசெக்கன் கழித்துக் கரண்டை வெட்டுங்கள். பிறகு 2, பிறகு 3. சீட்டு அடித்து முடியும் நேரம் வரை இப்படியே ஏற்றிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு முறையும் இயந்திரம் எழும்பிய பின் பேரேட்டைப் படித்து, பாதிப் பதிவு ஏதும் இருக்கிறதா, ஒரே வரிசை இலக்கம் இருவருக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். இரவு முழுவதும் தானாக ஓட விடலாம். செயற்றிட்ட மாணவர்களே, பரிசோதகர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு இந்த ஓர் அட்டவணை பதில் சொல்லும்.

ஒப்படைக்கும்போது என்னென்ன கொடுக்க வேண்டும்?

சுற்று வரைபடம், மூல நிரல், ஃபியூஸ் பிட் பெறுமானங்கள், பட்டியலை ஏற்றும் மென்பொருள், கூடுதல் ரீடர், ஒரு புது மின்கலம். இவற்றோடு ஒரு கட்டு காகித டோக்கன். இயந்திரம் முற்றாக நின்றுபோகும் நாளில் மேற்பார்வையாளர் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும், மறுநாள் அவற்றைப் பேரேட்டில் பதியும் திரையையும் மென்பொருளில் வைத்துவிடுங்கள்.